மயிலாத்தாளின் விருந்தாளி

ஐம்பத்திரண்டு வயதுவரை மயிலாத்தாள் கடலைப் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் கடல் தூரத்தில் இருந்தது அல்ல, வீட்டில் எந்நேரமும் விருந்தாளிகள் இருந்ததுதான். நாமக்கல்லிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கோழிப் பண்ணைகளுக்கு நடுவே இருந்த அந்த வீட்டுக்கு, ஒரம்பரை என்று அந்தப் பக்கத்தில் சொல்லப்படும் விருந்துச் சனம் காலை பஸ்ஸில் ஒரு கூட்டம், மாலை பஸ்ஸில் ஒரு கூட்டம் என்று வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. திருச்செந்தூர் போகலாமென்று மூட்டை கட்டிய அன்றைக்குக் கணவர் நல்லசிவத்தின் சித்தப்பா வகையறா வந்து சேர்ந்தார்கள். ராமேஸ்வரம் கிளம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிய நேரத்தில் திருப்பூர்ச் சம்பந்தி வேனிலிருந்து கைகாட்டினார். மயிலாத்தாளும் ஒவ்வொரு தடவையும் மூட்டையை அவிழ்த்து, அடுப்பைப் பற்றவைத்து, "வாங்க வாங்க, இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிட்டிருந்தோம்" என்று பொய் சொல்லி, அந்தப் பொய்யை உண்மையாக்குவதற்காக ராத்திரி அவர்களைப் பற்றிப் பேசவும் செய்தாள்.

அதனால், கோழித் தீவனக் கம்பெனிக்காரர்கள் தங்கள் வாடிக்கைப் பண்ணையாளர்களைக் குடும்பத்தோடு ஒரு கடற்கரை ரிசார்ட்டுக்கு அழைத்துப் போகிறார்கள் என்று தெரிந்ததும், நல்லசிவம் கிளம்பும் தேதியைச் சொந்தத் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. விடியும் முன்னே, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மச்சானுக்குத் தெரியாமல், புழக்கடைக் கதவு வழியாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, திருடர்களைப் போல இருவரும் சொந்த வீட்டைவிட்டு வெளியேறினார்கள்.

ரிசார்ட், கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தை ஒட்டி இருந்தது. வாசலில் ஒரு பெண் சிப்பி மாலை போட்டு, இளநீர் கொடுத்து, வரவேற்றாள். மயிலாத்தாளுக்கு அது ஆகவே இல்லை. விருந்தாளியாக இருந்து பழக்கமில்லாததால் கையை எங்கே வைப்பதென்றே அவளுக்குத் தெரியவில்லை. மாலை போட்ட பெண்ணிடம் "கண்ணு, நீ சாப்புட்டயா?" என்று கேட்டாள், சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்து மேசை எச்சில் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனவளை இரண்டு பேர் மறித்துத் திருப்பி அனுப்பினார்கள், படுக்கை விரிக்க வந்தவர், அவர் வருவதற்குள் மூன்று தடவை விரிக்கப்பட்ட படுக்கையைப் பார்த்துத் தன் வேலைக்கு ஆபத்து வந்துவிட்டதோ என்று பயந்தார்.

சாயங்காலம் அவள் கடலுக்கு முன்னால் போய் நின்றாள். நின்ற மாத்திரத்தில் அது அவ்வளவு தூரத்திலிருந்து ஓடிவந்து, குனிந்து, அவள் இரண்டு காலையும் தொட்டுவிட்டுப் பின்வாங்கியது. மயிலாத்தாள் பதறிப்போனாள். இத்தனை பெரிய ஆள், ஒரு கோழிப் பண்ணைக்காரியின் காலைத் தொடுவதா என்று அவள் இரண்டடி நகர்ந்தால், அது அங்கேயும் வந்து தொட்டது. "நல்லாருங்க, நல்லாருங்க" என்றாள். அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல், இவ்வளவு மரியாதை தெரிந்தவரிடம் வேறெதுவும் சொல்லாமல் போவதும் முறையில்லை என்று, முப்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்வதையே கடலிடமும் சொன்னாள்.

"அவசியம் ஒருக்கா நம்மூட்டுக்கு வாங்க."

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கதவு தட்டப்பட்டது. நல்லசிவம் தூங்கிக்கொண்டிருந்தார். மயிலாத்தாள் திறந்தாள். வீட்டு எண்ணைச் சரியாகக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டவரைப் போலத் தயங்கிக்கொண்டு வராந்தாவில் கடல் நின்றிருந்தது.

"வாங்க வாங்க" என்றாள் மயிலாத்தாள், "இப்பத்தான் உங்களப் பத்திப் பேசிட்டிருந்தோம்."

கடல் உள்ளே வந்தது. முழங்கால் அளவுக்கு வந்து, எங்கும் இடித்துக்கொள்ளாமல், டீப்பாயை மட்டும் லேசாக நகர்த்திவிட்டு அடக்கமாக இருந்தது. ஒரு முழுக் கடல் அந்த நூற்றுப் பதினாலாம் நம்பர் அறைக்குள் எப்படி அடங்கியது என்று பின்னால் சிலர் கேட்டார்கள். அவர்கள் முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்து மாடி அறையில் எத்தனை பேர் படுத்திருப்பார்கள் என்று பார்க்காதவர்கள். மனசிருந்தால் இடமிருக்கும் என்பது மயிலாத்தாளின் கட்சி. அவள் முதல் வேலையாக வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாள், ஒரு சொம்பு தண்ணீர். கடல் மறுக்காமல் குடித்தது.

"ஏனுங் மாமா, எந்திரிங்க, ஒரம்பரை வந்திருக்குது. சட்டையப் போடுங்க."

நல்லசிவம் கண் விழித்தபோது கட்டில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் சட்டையைப் போட்டு, பொத்தானை மாற்றிப் பூட்டி, கைகூப்பி, "வாங்க, பஸ்ஸுலயா வந்தீங்க?" என்று கேட்டார்.

அப்படித்தான் கடல் விருந்துக்கு வந்தது. மயிலாத்தாள் ரிசார்ட்டுக்குத் தெரியாமல் துணி மூட்டைக்குள் சுருட்டிக் கொண்டுவந்திருந்த கரண்டு குக்கரை எடுத்து அரிசிம்பருப்புச் சோறு வைத்தாள், நெய் ஊற்றினாள், "சங்கோசப்படாமச் சாப்புடுங்க" என்றாள், கடல் சங்கோசப்படவில்லை. ஒரு குக்கர் முடிந்ததும் இன்னொரு குக்கர், அது முடிந்ததும் இன்னொன்று. அலமாரியில் ஓர் ஆமை நல்லசிவத்தின் வேட்டிகளின் மேல் குடியேறியது. டெலிபோனைச் சுற்றி நெத்திலிகள் வட்டமடித்தன. குளியலறைக் கதவைத் திறந்தால் தூரத்தில் ஒரு சரக்குக் கப்பல் போய்க்கொண்டிருக்கும். நல்லசிவம் துண்டைக் கட்டிக்கொண்டு, அது கடந்து போகும்வரை காத்திருந்து, பிறகுதான் குளிக்கப் போனார். கப்பலில் இருந்து யாரோ கைகாட்டினால் இவரும் காட்டினார்.

வெளியே, கடல் இருந்த இடத்தில் ஈர மணல்தான் இருந்தது, கண்ணுக்கு எட்டிய மட்டும். கடல் தெரியும் அறை வேண்டுமென்று கேட்டு வாங்கியவர்கள் எல்லாரும் வரவேற்பறையில் கூடிச் சத்தம்போட்டார்கள். மேலாளர் அமலதாஸ் நல்ல மனிதர், எதையும் தாங்கிக்கொள்ளும் சுபாவம். அவர் ஒவ்வோர் அறையாக எட்டிப்பார்த்து, கடைசியில் நூற்றுப் பதினாலின் வாசலில் நின்று, காலணியைக் கழற்றி, பேண்ட்டைச் சுருட்டி, உள்ளே பார்த்தார்.

"மேடம், இது எங்க கடல் மாதிரி இருக்கே."

"ஆமாங்க. சாப்புட்டுட்டிருக்குது. நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க."

அவர் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து, 'கடல் இந்தப் பக்கம்' என்று அம்புக்குறி போட்ட பலகையை எடுத்துவந்து நடைகூடத்தில் மாட்டினார். அரைமணி நேரத்தில் சாய்வு நாற்காலிகளும் குடைகளும் நடைகூடம் நெடுக வரிசையாக வந்துவிட்டன. உயிர்காப்பாளர் விசிலோடு நூற்றுப் பதினாலின் நிலைப்படியில் உட்கார்ந்து, கட்டிலைத் தாண்டி யாரையும் போகவிடாமல் பார்த்துக்கொண்டார். புதுமணத் தம்பதிகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்று வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை மயிலாத்தாளே அலமாரிப் பக்கமாக உட்காரவைத்தாள், அங்கேதான் கிழக்கு வந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரையும் அவள் "வாங்க" என்றாள். ஆக எல்லாருக்கும் சோறு வைக்க வேண்டியதாயிற்று.

பண்ணைக்காரர்கள் மட்டும் கடலைப் பார்க்க வரவில்லை, கடல் விட்டுப்போன இடத்தைப் பார்க்கப் போயிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர்கள் அந்த மணலில் வெகுதூரம் நடந்தார்கள். குனிந்து ஒரு பிடி அள்ளி விரலால் நெருடிப் பார்த்தார்கள். "சமமா இருக்குது. ஷெட்டுப் போட்டா ஒரே நீளத்துக்குப் போடலாம்" என்றார் ஒருவர். "காத்தோட்டம் நல்லாருக்குது. முட்டை லாரி இறங்கப் பாதைதான் போடோணும்" என்றார் இன்னொருவர். அவர்களுக்குள் வாய் பெரியவரான செங்கோடன் மட்டும் இதைவிடப் பெரிதாக யோசித்தார். திரும்பிவந்து நல்லசிவத்தின் தோளில் கைபோட்டார்.

"மாப்ள, உன்ற சம்சாரம் நம்மூட்டுக்கு வாங்கன்னுதான சொல்லுச்சு? இது ஓட்டலு. ஊடு நாமக்கல்லுல இருக்குது. அப்ப அது ஊருக்கு வந்துதான ஆகோணும்?"

நல்லசிவம் தோளிலிருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டார். "எங்க வெக்கிறதுங்க? இருக்கறது ஒரு ரூம்பு. அதுல என்ற மச்சான் படுத்திருக்கறான்."

"மேக்கால உன்ற காடு வெள்ளாமை இல்லாமச் சும்மாத்தான கெடக்குது? நம்மூர்ல இல்லாதது கடல் ஒண்ணுதான். அதும் வந்துட்டா அப்பறம் எவனும் எதுக்கும் வெளியூர் போக வேண்டீதில்ல."

சாயங்காலத்துக்குள் ஒரு கமிட்டி அமைந்துவிட்டது. கடலை பஸ்ஸில் ஏற்றுவதா, பின்னால் நடந்து வரச் சொல்வதா என்று விவாதம் நடந்தது. உப்புக்காற்று பட்டால் கோழி முட்டை இடுமா என்று ஒருவர் கேட்டார். உப்புப் போட்ட முட்டையாகவே இடும், இன்னும் நல்லது என்று செங்கோடன் சொன்னார், எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

நல்லசிவம் தனக்குத் தெரிந்த வழிகளை எல்லாம் முயன்று பார்த்தார். கடலுக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாகக் கொட்டாவி விட்டார். "ஊர்ல உங்களத் தேடுவாங்களே?" என்றார். "மழ வர்றாப்புல இருக்குது, இப்பவே கெளம்புனா நனையாமப் போயரலாம்" என்றார். கடைசியில், அவர் வம்சத்தில் யாரும் செய்யாத காரியமாக, விருந்தாளி இருக்கும்போதே மின்விசிறியை நிறுத்தினார். கடலுக்கு எதுவும் புரியவில்லை. அதை யாரும் எங்கிருந்தும் கிளப்பிவிட்டதில்லை ஆகையால் அந்தப் பேச்சே அதற்குப் பழக்கமில்லை.

மயிலாத்தாள் தனியாக அவரைக் கூப்பிட்டுக் கோபித்துக்கொண்டாள். "வந்தவங்க மொகத்துக்கு முன்னால பேனை நிறுத்தறீங்களே, என்ன நெனைப்பாங்க?" ஆனால் சொல்லும்போது அவள் குரல் தேய்ந்திருந்தது. கை கரண்டி பிடித்த வாக்கிலேயே மடங்கியிருந்தது. ஊரில் என்றால் விருந்தாளி எப்போதாவது கை கழுவுவார்.

ஊர் திரும்பும் நாள் காலையில், பஸ்ஸில் மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தபோது, குப்பத்திலிருந்து காத்தாயி வந்தாள். மீன் ஏலம் எடுத்து விற்கிறவள், மயிலாத்தாள் வயதுதான் இருக்கும், நல்ல உயரம். காவலாளி "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டதற்கு "கடலை" என்று சொல்லிவிட்டு, நடைகூடத்துச் சாய்வு நாற்காலிகளைக் காலாலேயே ஒதுக்கிக்கொண்டு, உயிர்காப்பாளரின் விசிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், உள்ளே வந்தாள்.

"இங்க யாரு மயிலாத்தா?"

"நாந்தானுங்க. வாங்க அக்கா, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"தண்ணியா?" முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு காத்தாயி கேட்டாள். "இத பாரும்மா. எங்க ஆம்பளைங்க வலைய மடியில வச்சிகினு வானத்தைப் பாத்துகினு குந்தியிருக்கானுங்க. போட்டெல்லாம் மணல்ல படுத்துகினு கெடக்குது. இதை வெளிய போகச் சொல்லு."

"எப்படிங்க அக்கா சொல்றது? நாந்தான கூப்புட்டது. கூப்புட்டு வந்தவங்களப் போன்னு சொன்னா நான் அப்பறம் யாரு மொகத்துல முழிக்கிறது?"

"நீ சொல்லாட்டி நாங்க எங்க போறது?"

மயிலாத்தாள் குக்கரைத் திறந்தாள். ஒரு கரண்டி சோறு எடுத்துக் கடலுக்குப் போட்டாள். மடங்கிய விரல் விரியாமல், கரண்டியை மறுகையால் பிடுங்கி எடுத்தாள். காத்தாயி அதைப் பார்த்தாள். வந்த சண்டையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, நீ சாப்ட்டியா?"

மயிலாத்தாள் யோசித்தாள். முந்தின நாள் சாப்பிட்டோமா என்று யோசித்தாள். அதற்கு முந்தின நாள், கடல் வந்த மத்தியானம் சாப்பிட்டது, அதற்கப்புறம் ஞாபகமில்லை. அதைவிட, இப்படி யாராவது தன்னைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசித்தாள், அதுவும் ஞாபகமில்லை.

"ஒரம்பரை சாப்புட்டு முடிச்சப்பறந்தானுங்க நான்."

"இது எப்ப முடிக்கும்?"

இரண்டு பெண்களும் கடலைப் பார்த்தார்கள். அது முடிக்கிற மாதிரி தெரியவில்லை.

"கெளம்பு" என்றாள் காத்தாயி. "நம்ம வீட்டுக்கு வா. சூடா சோறு போடுறேன். கருவாட்டுக் கொழம்புதான் இருக்குது, மீனெல்லாந்தான் உன் ரூம்புல இருக்குதே."

"வந்தவங்கள வெச்சுட்டு நான் மட்டும் எப்படிங்க வர்றது?"

மூலையில் நின்றிருந்த நல்லசிவம் தொண்டையைச் செருமினார். "அவங்களையும் சேத்துக் கூப்புட்டீங்கன்னா... வருமுங்க. அதுதான் முறையும்."

காத்தாயி அவர் பக்கம் திரும்பினாள். முகம் மாறிவிட்டது. நடைகூடத்தில் இருந்தவர்கள் ஜூஸ் கிளாசைக் கீழே வைத்தார்கள்.

"இதையா? இது என் வீட்டுக்கு ஒருதபா வந்துருக்குது. கூப்பிடாம வந்துச்சு. கதவைத் தட்டலை, ஒண்ணும் சொல்லலை. அடுப்புல கொதிச்சிகினு இருந்த சோத்தை, சட்டியோட எடுத்துகினு போச்சு. பக்கத்துல குந்தியிருந்த என் வீட்டுக்காரரையும் எடுத்துகினு போச்சு. அதுலேர்ந்து இதுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. இதுல வர்ற மீனை விக்கிறேன். அதோட சரி."

குளியலறைப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்த கப்பல் சங்கு நின்றுபோயிற்று. மயிலாத்தாள் கரண்டியோடு மெதுவாக எழுந்து, காத்தாயி பக்கத்தில் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து கடலைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அப்படியா பண்ணுனீங்க?"

கடல் டீப்பாயை மறுபடி லேசாக நகர்த்தியது.

"சொல்லாமக் கொள்ளாம ஒருத்தரு ஊட்டுக்குப் போலாமுங்களா? போனாலும் இப்படியா பண்றது?"

அவள் குக்கரை மூடினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த விருந்தாளிக்கு முன்னால் அவள் பாத்திரத்தை மூடியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. நல்லசிவம் கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் சின்னச் சத்தம் கேட்டதும் கடல் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது, கணுக்காலிலிருந்து தரைக்கு இறங்கியது, திமிங்கிலங்களையும் தீவுகளையும் இழுத்துக்கொண்டு பின்வாங்கிப் பின்வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போய், செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டது.

காத்தாயி கட்டிலிலிருந்து எழுந்து, குனிந்து, அதை வெகுநேரம் பார்த்தாள். அவ்வளவு பெரியது அவ்வளவு சின்னதாக இருந்ததை அவள் அதுவரை பார்த்ததில்லை. திட்டுவதற்கு எத்தனையோ வருஷமாகச் சேர்த்துவைத்திருந்தாள். எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை போல. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, வா" என்றாள் கடலிடம். "வந்து தொலை. ஆனா வாசல்லயே நிக்கணும். படி ஏறுனே, தொடப்பம் பிஞ்சிடும்."

அப்படி எல்லாரும் கிளம்பினார்கள். முன்னால் காத்தாயி, அவளுக்குப் பின்னால் மயிலாத்தாள், மயிலாத்தாளுக்குப் பின்னால் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்த கடல், அதற்குப் பின்னால் ஆமையைத் தூக்கிக்கொண்டு நல்லசிவம், அவருக்குப் பின்னால் சாய்வு நாற்காலிகளைத் தலையில் வைத்துக்கொண்டு விடுதிச் சனம், கடைசியில் விசில் ஊதிக்கொண்டு உயிர்காப்பாளர். வரவேற்பறை வழியாகப் போகும்போது மேலாளர் அமலதாஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் கடலிடம், தங்கியது வசதியாக இருந்ததா என்று கேட்டார். மணலில் இறங்கியதும் கடல் பெரிதாகத் தொடங்கியது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு பனை உயரம், ஒரு ஊர் அகலம். ஆனால் மயிலாத்தாளை முந்திப் போகவில்லை. காலால் கோடு கிழித்துப் பிளாட் பிரித்துக்கொண்டிருந்த செங்கோடனும் கமிட்டியும், தூரத்தில் அது வருவதைப் பார்த்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். மணலில் படுத்திருந்த போட்டுகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ஆம்பிளைகள் கத்திக்கொண்டு வலைகளோடு பாய்ந்தார்கள்.

காத்தாயி வீட்டு வாசலுக்கு வந்ததும் கடல் நின்றது. உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாதவரைப் போல ஓரடி முன்னால் வந்தது, ஓரடி பின்னால் போனது. காத்தாயி திரும்பிப் பார்த்தால் பின்னால் போனது.

மயிலாத்தாளை உள்ளே உட்காரவைத்து, தட்டு வைத்து, ஆவி பறக்கச் சோறு போட்டு, கத்தரிக்காயும் கருவாடும் போட்ட குழம்பை ஊற்றினாள் காத்தாயி. மயிலாத்தாள் ஒரு வாய் வைத்தாள். காரம் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. இரண்டாவது வாய்க்கு முன்னால், நல்லசிவத்துக்குத் தட்டு எடுக்கலாமென்று கையூன்றி எழுந்திரிக்கப் பார்த்தாள். காத்தாயி தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"குந்து. நான் போடுறேன்."

மயிலாத்தாள் உட்கார்ந்தாள். நல்லசிவமும் உட்கார்ந்தார். மூச்சிரைக்க வந்த செங்கோடன் "என்னவோ போ, நல்ல எடம், கையவிட்டுப் போயிருச்சு" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார். இடம் போதாமல் பண்ணைக்காரர்கள் தெருவில் வரிசையாக உட்கார, பக்கத்து வீடுகளிலிருந்து சட்டிகள் வந்தன. பஸ் டிரைவர் ரிசார்ட் வாசலில் நின்று ஆரன் அடித்தார், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தார், பிறகு யாரும் வராததால் அவரே தேடிக்கொண்டு வந்து, "நாமக்கல்லு போய்ச் சேர ராத்திரி ஆயிரும், சீக்கிரம் எந்திரிங்க" என்று வாசலில் நின்று சத்தம்போட்டார். எல்லாரும் மயிலாத்தாளைப் பார்த்தார்கள். அவள் எழுந்தால் எழுவார்கள்.

அவள் தட்டை வழித்து, விரலைச் சூப்பி, வெறும் தட்டைக் காத்தாயி பக்கம் நீட்டினாள்.

"ஏனுங்க அக்கா, இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க."